ரிட்டர்ன் பம்ப் வாங்கும் முன் போட வேண்டிய கணக்குகள்

நான்கு அடி மீன்தொட்டிக்குக் கீழே சம்ப், அதாவது நீரை வடிகட்டும் துணைத்தொட்டி, வைப்பதென்று முடிவு செய்தபோது நான் முதலில் வாங்கிய பொருள், அங்கிருந்து நீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப். அதுதான் தவறு. "பெரியதாகவே எடுங்க சார், வேணும்னா குறைச்சுக்கலாம்" என்று ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு, மணிக்கு 5,000 லிட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருந்த பம்ப் ஒன்றை வாங்கி வந்தேன். அது மேலே தள்ளிய நீரை இறக்கிவிட ஓவர்ஃப்ளோ (இறங்கு) குழாயால் முடியவில்லை. பால் வால்வைப் பாதிக்கு மேல் மூடித்தான் ஓட்டினேன். இரண்டாவது வாரம் நள்ளிரவில் மின்சாரம் நின்றபோது மேல்தொட்டி நீர் திரும்பி இறங்கி, சம்ப் நிரம்பி வழிந்து, காலையில் கூடம் முழுவதும் ஈரமாகக் கிடந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டிகளின் கதையை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

பம்ப்பைக் கடைசியில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தொட்டியின் கொள்ளளவு, இறங்கு குழாய், உயரம், சம்ப்பில் இருக்கும் காலியிடம் ஆகியவை தெரிந்த பிறகு எந்தப் பம்ப் வேண்டும் என்பது ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும். கீழே உள்ள கணக்குகள் சென்னையில் என் வீட்டிலிருக்கும் 4 அடி நீளம், 1.5 அடி அகலம், 2 அடி உயரமுள்ள நன்னீர்த் தொட்டிக்கு நான் போட்டவை. உங்கள் அளவுகளை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. தொட்டியில் உண்மையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று பாருங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வரும் கன அடியை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். என் தொட்டிக்கு 12 கன அடி, அதாவது சுமார் 340 லிட்டர். ஆனால் கண்ணாடியின் தடிமன், விளிம்புக்குக் கீழே விடும் இடைவெளி, மணல், கற்கள் எல்லாம் போக என்னிடம் இருப்பது 300 லிட்டர்தான். முதன்முறை நீர் நிரப்பும்போது பக்கெட்டுகளை எண்ணிக்கொண்டால் இந்தக் கணக்கே தேவைப்படாது.

2. மணிக்கு எத்தனை மடங்கு என்பதை முடிவு செய்யுங்கள்

தொட்டி நீர் முழுவதும் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை சம்ப்புக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்பதே இந்த எண். சாதாரண நன்னீர்த் தொட்டிக்கு 3 முதல் 5 மடங்கு போதும். டிஸ்கஸ், ஏஞ்சல் போன்று அமைதியான நீரை விரும்பும் மீன்களுக்கு 3 பக்கமும், ஆஸ்கர், அரோவானா, கோல்டு ஃபிஷ் போன்று கழிவு அதிகம் விடும் மீன்களுக்கு 5 அல்லது 6 பக்கமும் நிற்கலாம். பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிகளில் 10 மடங்கும் அதற்கு மேலும் சொல்வார்கள். ஆனால் அங்கும் நீரோட்டத்தை உண்டாக்கும் வேலையைத் தொட்டிக்குள் வைக்கும் வேவ்மேக்கரிடம் விட்டுவிட்டு, சம்ப் வழியாக 3 முதல் 5 மடங்கு ஓட்டுபவர்கள் பலர் இருக்கிறார்கள்.

மடங்கு கூடினால் நீர் அதிகம் சுத்தமாகும் என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. ஒரு கட்டத்துக்கு மேல் கூடுவது சத்தம், மின்செலவு, சம்ப்பிலிருந்து மேலே ஏறும் நுண்குமிழிகள் ஆகியவை மட்டுமே. நான் 5 மடங்கு என்று வைத்துக்கொண்டேன். அதாவது மணிக்கு 1,500 லிட்டர். இது மேல்தொட்டியில் வந்து விழ வேண்டிய நீரின் அளவு என்பதையும், பெட்டியில் பார்க்க வேண்டிய எண் வேறு என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

3. இறங்கு குழாயின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மேலே ஏற்றுவது பம்ப். கீழே இறக்குவது புவியீர்ப்பு மட்டுமே. பம்ப்பை மாற்றிக்கொள்ளலாம், கண்ணாடியில் போட்ட துளையை மாற்ற முடியாது. என் முதல் தொட்டியில் ஓர் அங்குல டேங்க் நிப்பிள் (கண்ணாடித் துளையில் குழாயைப் பொருத்தும் இணைப்பு) ஒன்றே ஒன்று இருந்தது. நீரும் காற்றும் கலந்து இறங்கும் அமைப்பில், மணிக்கு ஆயிரம் லிட்டரைத் தாண்டிய உடனே அது கழிவறைத் தொட்டி போலக் கொப்பளித்துச் சத்தமிட்டது. இரண்டாயிரத்தை நெருங்கியபோது ஓவர்ஃப்ளோ அறையில் (மேல்தொட்டியில் இறங்கு குழாய் நிற்கும் தடுப்பறை) நீர்மட்டம் ஏறத் தொடங்கியது.

புதிதாகத் தொட்டி செய்யக் கொடுப்பவர்கள் இரண்டு துளைகள் கேளுங்கள். ஒன்றரை அங்குலக் குழாய் அன்றாட வேலைக்கு. இன்னொன்று அதைவிட இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில், எப்போதும் காய்ந்தே நிற்கும் அவசரக் குழாய். நத்தையோ இலையோ முதல் குழாயை அடைத்தால் இரண்டாவது உங்கள் தரையைக் காப்பாற்றும். டஃபன்டு (சூடேற்றி வலுவூட்டிய) கண்ணாடியில் துளை போட முடியாது, முயன்றால் முழுக் கண்ணாடியும் நொறுங்கிவிடும் என்பதால், ஏற்கெனவே வாங்கிய தொட்டியில் துளை போட நினைப்பவர்கள் கண்ணாடி எந்த வகை என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

4. உயரத்தை அளந்து, உராய்வைக் கூட்டுங்கள்

பெரும்பாலோர் தவறும் இடம் இது. உயரம் என்பது பம்ப்பிலிருந்து அளக்கப்படுவதல்ல; சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் நீர்மட்டம் வரை உள்ள செங்குத்துத் தூரம். ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் அந்த வாய் வரை அளக்க வேண்டும். பம்ப்பைச் சம்ப்பின் அடியில் வைத்தாலும் சற்று உயர்த்தி வைத்தாலும், அது மூழ்கியிருக்கும் வரை இந்தத் தூரம் மாறாது. என் ஸ்டாண்டின் உயரம் 75 செ.மீ.; அதன் மேல் தொட்டி நீர் 56 செ.மீ.; சம்ப் ஸ்டாண்டின் அடித்தட்டில் இருப்பதால் அதன் நீர்மட்டம் தரையிலிருந்து 25 செ.மீ. ஆக, 106 செ.மீ.

இத்துடன் குழாயின் உராய்வைச் சேர்க்க வேண்டும். குழாயின் உள்விட்டம் சிறிது குறைந்தாலும் உராய்வு பல மடங்கு ஏறும். ஓர் அங்குலக் குழாயில், அதாவது உள்விட்டம் சுமார் 25 மி.மீ. உள்ள குழாயில், மணிக்கு 2,000 லிட்டர் ஓடும்போது ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 6 செ.மீ. உயரத்துக்கு இணையான இழப்பு ஏற்படுகிறது. அதே நீரை 20 மி.மீ. உள்விட்டத்தில் செலுத்தினால் இழப்பு மூன்று மடங்காகி, மீட்டருக்கு 20 செ.மீ. அளவுக்குப் போகிறது. அரை அங்குலக் குழாயைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எல்போ எனும் வளைவு இணைப்பு ஒவ்வொன்றையும் குழாயின் உள்விட்டத்தைப்போல் 30 மடங்கு நீளமுள்ள நேர்க்குழாய் என்று எண்ணிக்கொள்ளலாம். ஓர் அங்குல எல்போ ஒன்று முக்கால் மீட்டர் குழாய்க்குச் சமம். என்னிடம் 2.5 மீட்டர் குழாயும் 4 எல்போக்களும் இருந்தன, மொத்தம் 5.5 மீட்டர். மணிக்கு 1,500 லிட்டருக்கு உராய்வு 20 செ.மீ. அளவில் வந்தது. 106 உடன் அதைச் சேர்த்து, சிறிது தாராளமாக 1.3 மீட்டர் என்று எடுத்துக்கொண்டேன்.

பம்ப்பின் வாய் முக்கால் அங்குலமாக இருக்கிறது என்பதற்காக முழுக் குழாயையும் முக்கால் அங்குலத்தில் போடாதீர்கள். வாயருகிலேயே ஒரு ரெட்யூசர் வைத்து ஓர் அங்குலத்துக்கு மாற்றிவிடுங்கள். 90 பாகை எல்போ ஒன்றுக்குப் பதிலாக இடைவெளிவிட்டு 45 பாகை எல்போ இரண்டைப் போட்டால் நீர் இன்னும் எளிதாகத் திரும்பும். இவற்றின் கூடுதல் செலவு இருநூறு ரூபாயைத் தாண்டாது. பெரிய பம்ப்புக்கு மாறுவதைவிட இது மலிவு.

5. பெட்டியின் எண்ணை உங்கள் எண்ணாக மாற்றுங்கள்

பம்ப்பின் மீது இரண்டு எண்கள் இருக்கும். எஃப் மேக்ஸ் என்பது எந்த உயரத்துக்கும் ஏற்றாமல், வாயைத் திறந்துவிட்டு ஓட்டினால் வரும் நீர். எச் மேக்ஸ் என்பது நீரை அதிகபட்சம் நிறுத்தி வைக்கக்கூடிய உயரம். அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வெளியே வராது. 3,000 லிட்டர், 3 மீட்டர் என்று போட்டிருந்தால், 3 மீட்டருக்கு 3,000 லிட்டர் ஏற்றும் என்று பொருளல்ல. நான் அப்படித்தான் நினைத்தேன்.

நல்ல நிறுவனங்கள் ஒவ்வொரு உயரத்துக்கும் எவ்வளவு நீர் வரும் என்ற வரைபடத்தைப் பெட்டியிலோ கையேட்டிலோ தருகின்றன. அது இல்லாவிட்டால் இரண்டு எண்களையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் பம்ப்பில் 1.3 மீட்டர் போனால் மீதி 1.7, 1.7 ஐ 3 ஆல் வகுத்து 3,000 ஆல் பெருக்கினால் 1,700 லிட்டர். அச்சிட்ட எண்கள் நேர்மையானவையாக இருந்தால் உண்மையில் கிடைப்பது பெரும்பாலும் இதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். எனவே 1,500 தேவைப்படும் எனக்கு இந்தப் பம்ப் சரி. தூசியும் உப்புப்படிவும் சேர்ந்து ஓட்டம் குறையும் நாட்களுக்கும் கொஞ்சம் கையிருப்பு இருக்கிறது. நான் முதலில் வாங்கிய 5,000 லிட்டர் பம்ப்புக்கு 4 மீட்டர் என்று போட்டிருந்தது. அதே கணக்கில் அது 3,000 லிட்டருக்கு மேல், அதாவது 10 மடங்குக்கு மேல் தள்ளியிருக்கிறது. ஓர் அங்குலக் குழாய் ஒன்று என்னதான் செய்யும்?

ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் பம்ப்பின் வெளிவாய்ப் பக்கம் வால்வு வைத்துக் குறைக்கலாம். அதனால் பம்ப்புக்குக் கேடில்லை. உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

6. மின்செலவைப் பார்த்துவிட்டு ஏசியா டிசியா என்று முடிவெடுங்கள்

இந்தப் பம்ப் ஆண்டு முழுவதும் ஒரு நிமிடமும் நிற்காமல் ஓடும் என்பதால், வாங்கும் விலையைவிட வாட் முக்கியம். 60 வாட் ஏசி பம்ப் நாளொன்றுக்கு 1.44 யூனிட் எடுக்கும். தமிழ்நாட்டின் இரண்டு மாத பில்லில் 86 யூனிட். வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை மீன்களே குடித்துவிடும் என்று என் மனைவி சொல்வது மிகையல்ல. உங்கள் வீட்டுப் பயன்பாடு 500 யூனிட் எல்லைக்கு அருகில் இருந்தால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் அந்த எல்லையைத் தாண்டினால் கீழ் அடுக்குகளுக்கான சலுகை விலையும் குறைந்து, பில் திடீரென்று ஏறிவிடுகிறது.

அதே வேலையைச் செய்யும் டிசி பம்ப் 30 வாட் அளவில் முடித்துவிடும். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,575 ரூபாய் மிச்சம். நான் விசாரித்தபோது ஏசி பம்ப் 1,500 முதல் 2,500 ரூபாய்க்கும், டிசி பம்ப் 5,000 முதல் 7,000 ரூபாய்க்கும் கிடைத்தன. விலை வேறுபாடு மூன்று ஆண்டு அளவில் ஈடாகும். டிசியில் வேகத்தைப் பொத்தானிலேயே கூட்டிக் குறைக்கலாம், சத்தமும் குறைவு. அதன் பலவீனம் கன்ட்ரோலரும் அடாப்டரும். அவை சம்ப்பின் ஈரக்காற்றில் கெட்டுப்போகும், உள்ளூரில் தனியாகக் கிடைப்பதும் அரிது. ஆகவே அவற்றைச் சம்ப் அலமாரிக்கு வெளியே, நீர்மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள்.

மூழ்கி ஓடும் பம்ப் எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகி நீரில்தான் சேர்கிறது. சித்திரை, வைகாசியில் தொட்டி நீர் 31, 32 பாகையைத் தொடும் ஊரில் இது சிறிய விஷயமல்ல. இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால், சைன் வேவ் வகையா என்று பாருங்கள்; ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏசி பம்ப்புகள் உறுமிச் சூடாகின்றன.

7. மின்தடைக் கணக்கைப் போடாமல் சுவிட்சைப் போடாதீர்கள்

பம்ப் நின்றதும் ரிட்டர்ன் குழாயே சைஃபன் ஆகி, அதன் வாய் நீருக்கு வெளியே தெரியும் வரை மேல்தொட்டி நீரைக் கீழே இழுக்கும். என் தொட்டியின் பரப்பு 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், ஒரு சென்டிமீட்டர் நீர் என்பது 5.4 லிட்டர். குழாயின் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 27 லிட்டர் இறங்கும். ஓவர்ஃப்ளோ அறையிலும் குழாய்களிலும் இருப்பதற்கு இன்னும் 13 லிட்டர் சேர்த்தால் 40 லிட்டர். என் சம்ப்பின் பரப்பு 90 செ.மீ. நீளம், 38 செ.மீ. அகலம், ஒரு சென்டிமீட்டருக்கு 3.4 லிட்டர். எனவே பம்ப் ஓடும்போது சம்ப்பில் 12 செ.மீ. காலியாக இருக்க வேண்டும். முதல் தடவை நான் விட்டிருந்தது 5 செ.மீ.

இறங்கும் நீரைக் குறைக்க, ரிட்டர்ன் வாயை மேற்பரப்புக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே மட்டும் வையுங்கள். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 6 மி.மீ. துளை ஒன்றும் போடுங்கள். மட்டம் இறங்கியதும் துளை வழியாகக் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். அந்தத் துளையைப் பாசியும் குட்டி நத்தைகளும் அடைக்கும் என்பதால் வாரம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. என்.ஆர்.வி. எனும் ஒருவழி வால்வு போட்டால் போதும் என்று சொல்வார்கள். அதன் கதவில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் நீர் கசியும். அதை நம்பிச் சம்ப்பை நிரப்பி வைக்கக் கூடாது.

எதிர்ப்பக்கக் கணக்கும் ஒன்று உண்டு. இறங்கு குழாய் அடைத்துக்கொண்டால், பம்ப் தன் அறையில் உள்ள நீரை எல்லாம் மேலே ஏற்றிவிட்டுத்தான் ஓயும். என் பம்ப் அறை 25 செ.மீ. நீளம், 38 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீர், அதாவது 19 லிட்டர். மேல்தொட்டியில் விளிம்புக்குக் கீழே 4 செ.மீ. விட்டிருந்ததால் 21 லிட்டர் தாங்கும். இந்த இரண்டு எண்களில் முதலாவது சிறியதாக இருக்கும்படி பம்ப் அறையின் அளவைச் சம்ப் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

பம்ப் அறை சிறியதாக இருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. ஆவியாகும் நீர் முழுவதும் இந்த அறையில்தான் குறைந்து தெரியும். இங்கே ஒரு லிட்டர் ஆவியானால் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். கோடையில் மின்விசிறிக் காற்று படும் தொட்டியில் இரண்டு மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும், பிறகு வறண்டு ஓடிக் கருகும். வெளியூர் போகிறவர்கள் மிதவை வால்வுடன் ஒரு நீர்க்கேன் வைத்துவிட்டுப் போவது நல்லது.

8. வாங்கும்போது கையில் வாங்க வேண்டியவை

கொளத்தூர் போன்ற மீன் சந்தைகளில் பேரம் பேசினால் விலை குறையும், ஆனால் பல கடைகளில் துண்டுச்சீட்டுதான் தருவார்கள். தேதி, மாடல் எண் இரண்டும் எழுதிய பில்லும், கடை முத்திரை குத்திய வாரண்டி அட்டையும் இல்லாமல் நகராதீர்கள். வாரண்டி ஆறு மாதமா, ஓராண்டா, இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சுழல்சக்கரம்) அதில் அடங்குமா, மாற்று இம்பெல்லர் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்குமென்றால் ஒன்றை அன்றே வாங்கிவிடுங்கள். பம்ப்பின் லேபிளை நீரில் இறக்கும் முன் படம் எடுத்து வையுங்கள், சில மாதங்களில் எழுத்து அழிந்துவிடும். கடையிலேயே ஒரு பக்கெட் நீரில் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

குழாய், யூனியன் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு), வால்வு, டேங்க் நிப்பிள் அனைத்தும் சேர்த்து எனக்கு 1,500 ரூபாய் ஆனது. பம்ப்புக்கு மேலே ஒரு யூனியன் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் கழுவும் ஒவ்வொரு முறையும் குழாயை அறுக்க வேண்டும்.

9. பொருத்திச் சோதிக்க ஒரு வாரம் ஒதுக்குங்கள்

சம்ப்பில் புதிதாகத் தடுப்புக் கண்ணாடி ஒட்டியிருந்தால் சிலிக்கான் நன்றாக இறுக ஒரு வாரம் விட்டுவிடுங்கள். பிவிசி பசை போட்ட இணைப்புகளை ஒரு நாள் காயவிட்ட பிறகே நீரேற்ற வேண்டும். பம்ப்பையும் குழாயையும் ஒரு சாண் சிலிக்கான் ஹோஸால் இணைத்தால், பம்ப்பின் அதிர்வு ஸ்டாண்டுக்கு ஏறாது. இரவின் முனகல் பாதியாகக் குறையும்.

மீன் விடுவதற்கு முன் மூன்று சோதனைகள் வேண்டும். முதலாவது, மேல்தொட்டி உயரத்தில் ரிட்டர்ன் வாயை 15 லிட்டர் பக்கெட்டில் விட்டு நேரம் பாருங்கள். 36 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 1,500 லிட்டர். எனக்கு 32 விநாடி ஆனது, ஏறக்குறைய 1,690 லிட்டர். இரண்டாவது, பம்ப்பை நிறுத்தி நீர் இறங்கி ஓயும் வரை காத்திருந்து, மீண்டும் போட வேண்டும்; இதை மூன்று முறையாவது செய்யுங்கள். மூன்றாவது, அன்றாட இறங்கு குழாயை வேண்டுமென்றே துணியால் அடைத்து, அவசரக் குழாய் முழு ஓட்டத்தையும் தாங்குகிறதா என்று அருகிலேயே நின்று பாருங்கள்.

சோதனை முடிந்ததும், பம்ப் ஓடும் நிலையில் சம்ப்பின் நீர்மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். நீர் ஊற்றுவது பம்ப் ஓடும்போது மட்டும், அந்தக் கோடு வரை மட்டும். கோட்டைத் தாண்டி ஊற்றினால், ஏழாம் படியில் நீங்கள் ஒதுக்கிய காலியிடத்தைத்தான் நிரப்புகிறீர்கள்.

மின்சார இணைப்பில் சிக்கனம் வேண்டாம். நிலத்தொடர்பு உள்ள மூன்று முள் பிளக், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., பிளக்கை அடையும் முன் கீழே ஒருமுறை தொங்கி மேலேறும் வயர் ஆகியவை இருக்க வேண்டும். வயரின் வழியாக வழியும் சொட்டு அந்தத் தொங்கலில் விழுந்துவிடும், பிளக்குக்குப் போகாது. சம்ப்பில் கை விடும் முன் சுவிட்சை அணையுங்கள்.

10. ஓடத் தொடங்கிய பிறகு

ஆழ்துளைக் கிணற்று நீரோ லாரி நீரோ ஊற்றும் வீடுகளில் இம்பெல்லரின் மேல் வெள்ளைப் படிவு சீக்கிரமே சேரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பம்ப்பைக் கழற்றி, வினிகர் கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல நீரில் அலசி மாட்டுங்கள். அன்றே பக்கெட் சோதனையையும் செய்து, விநாடியைச் சம்ப் கதவின் உட்புறத்தில் தேதியுடன் எழுதி வைக்கிறேன். 32 ஆக இருந்தது ஒரு முறை 41 ஆனது. கழுவியும் 40க்குக் கீழே இறங்காததால் இம்பெல்லரைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு இதழ் உடைந்திருந்தது. பில்லோடு வாங்கி வைத்திருந்த மாற்று இம்பெல்லரைப் போட்ட பிறகு 33க்குத் திரும்பியது.